டெஸ்டர் பாயும் சக்தியுள்ள மீனும்

போடிநாயக்கனூரில், மீன் வாங்க வருகிறவர்களைத் துரத்திவிட்டே கடை நடத்துகிற ஒரே மனிதர் டெஸ்டர் பாய்தான். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கரண்டு பார்க்கும் டெஸ்டர் இருக்கும். அதனால் அந்தப் பெயர். வண்ண மீனும் கண்ணாடித் தொட்டியும் விற்பது அவர் தொழில். விற்காமல் இருக்கக் காரணம் தேடுவது பொழுதுபோக்கு.

நான் முதன்முதலில் போய் இரண்டு தங்கமீன் கேட்டபோது, "வீட்ல எர்த்து இருக்கா?" என்றார்.

"மீனுக்கு எதுக்கு பாய் எர்த்து?"

"மீனுக்கு இல்ல மாப்ளே, ஒங்களுக்கு. தண்ணிக்குள்ள மோட்டாரு ஓடும். அது கசிஞ்சா கரண்டு போக ஒரு வழி வேணும்ல? எர்த்து இல்லேன்னா ஒங்க வழியாத்தான் போகும்."

பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளை வீட்டை நோட்டம் பார்ப்பதுபோல அன்று மாலையே வந்துவிட்டார். ரப்பர் செருப்போடு நேராக நடுவீட்டுக்குள். என் மனைவி முறைத்தாள்.

"கோவிச்சுக்காத ஆத்தா. செருப்பைக் கழட்டி எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என் சம்சாரத்துக்கு யாரு பதில் சொல்றது?" என்றபடி ஃபிரிட்ஜ், இரும்பு பீரோ, கிரைண்டர் என்று டெஸ்டரை வைத்துக்கொண்டே போனார். கிரைண்டரில் டெஸ்டர் எரிந்தது. முறைத்தவள் அவருக்கு டீ போடப் போய்விட்டாள்.

தொட்டி வைத்த அன்று ஒயரைத் தூளிபோலத் தாழத் தொங்கவிட்டார். ஒயர் வழியாக வடியும் தண்ணீர் ப்ளக்குக்குப் போகாமல் கீழேயே சொட்டிவிடுமாம். "தண்ணிக்குள்ள கையை விடுறதுக்கு முன்னாடி ப்ளக்கைப் புடுங்கணும்" என்றும் சொன்னார். அதை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னார். ஆட்களை எடைபோடத் தெரிந்தவர்.

ஒருநாள் மீன் தீனி வாங்கப் போயிருந்தேன். போடிமெட்டுக்கு மேலே உள்ள ஒரு ஏலக்காய்த் தோட்டத்துச் செய்தியை ஜீப்பு டிரைவர் ஒருவர் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்ட முதலாளி மதுரையிலிருந்து மண்டை புடைத்த ராசி மீன் ஒன்று வாங்கி, குளிருக்குத் தொட்டியில் ஹீட்டரும் போட்டிருக்கிறாராம். தண்ணீரில் விரல் வைத்தால் சுர்ரென்று இழுக்கிறதாம். மீனுக்குச் சக்தி இருக்கிறதென்று கண்ணாடிக்குக் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்களாம்.

பாய் ஷட்டரை இறக்கினார். "ஏறு மாப்ளே, வெரசா!" தீனிப் பொட்டலத்தோடு நானும் ஜீப்பில் கிடந்தேன்.

நாங்கள் போனபோது தோட்டத்து ஆட்கள் ஈரக்காலோடு வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக முதலாளியின் தாயார், கையைத் தொட்டிக்கு மேலே நீட்டியிருந்தார்.

"கையை எடு ஆத்தா!"

பாய் போட்ட சத்தத்தில் அந்தம்மா இரண்டடி பின்னால் போனார். அடுத்த நொடி பாய் மெயின் சுவிட்சை இறக்கினார். டிவி நின்றது. முதலாளி பாய்ந்து வந்தார். "யோவ், என்ன சோலி பாக்குறே?"

பாய் எல்லோரையும் விலக்கி நிறுத்தி, கரண்டைப் போட்டு, டெஸ்டர் நுனியைத் தண்ணீரில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. மறுபடி மெயினை இறக்கி ஹீட்டரை வெளியே எடுத்தார். ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் கீறல்.

"அப்ப மீனு எப்படிய்யா உசுரோட இருக்கு?" என்றார் முதலாளி.

"கரண்டுக் கம்பியில காக்கா உக்காந்திருக்கு. அதுக்காக நீங்க போய்த் தொங்குவீகளா? மீனு தரையில நிக்கல. நீங்க நிக்கிறீக."

எர்த்தைத் தேடிக் கொல்லைப் பக்கம் போனால், அந்தக் கம்பியை அறுத்துக் கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள்! பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வயரிங் ஆள் வந்து எர்த்து போட்டு, கசிவு வந்தால் தானே நிறுத்தும் ட்ரிப்பரும் மாட்டும்வரை இடத்தைவிட்டு அசையவில்லை. எல்லாம் முடிந்து, ப்ளக்கையும் பிடுங்கிய பிறகு அந்தம்மாவை விரல் வைக்கச் சொன்னார்.

அவர் வைத்தார். முகம் வாடிவிட்டது. "சக்தி போயிருச்சே, பாய்!"

"போனாப் போகுது ஆத்தா. நீங்க இருக்கீகள்ல."

 

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். மலையில் இடி இடித்தால் போதும், பாயிடமிருந்து போன் வரும்: "மாப்ளே, ப்ளக்கைப் புடுங்கிட்டீகளா?" புடுங்கிட்டேன் பாய் என்பேன். எங்கள் வீட்டில் மீன் வளர்ப்பதை விட்டு வெகுநாளாகிறது. அதைச் சொன்னால் போன் வராமல் போய்விடுமே.