சிமெண்ட் கலக்காத ஃபண்டு

மூன்றாவது ஃபண்டிலும் சிமெண்ட் இருந்தது.

"இதுலயுமா?" என்று தமிழரசன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

"உக்காருங்க சார். பதினாறாவது வரிசையில இருக்கு. ரெண்டு பர்சென்ட்தான்" என்றாள் பானுப்ரியா. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், மியூச்சுவல் ஃபண்டு ஆபீஸ் நடத்துகிறவள். இந்த ஒரே வாடிக்கையாளருக்காக ஒரு மாதமாகக் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பித் திருப்பிக் காட்டியதில் அதன் கழுத்தே தளர்ந்துபோயிருந்தது.

"எட்டு லட்சத்துல ரெண்டு பர்சென்ட்டுன்னா பதினாறாயிரம்மா. பதினாறாயிரம் ரூவாய்க்கு அவன் எவ்ளோ தூசி கெளப்புவான் தெரியுமா?"

"சார், இது சுற்றுச்சூழல் ஃபண்டு. ஒவ்வொரு கம்பெனிக்கும் மார்க் போட்டு, நல்லதாப் பாத்துத்தான் சேப்பாங்க."

"அந்த ஆலைக்கு எவன் மார்க் போட்டான்? அவனை ஒரு நாளு அங்க வந்து வேட்டி காயப்போடச் சொல்லு."

மூன்று ஃபண்டிலும் இருந்தது ஒரே கம்பெனிதான். அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலை. பெயர் வேண்டாம்; நமக்கும் அந்த வழியாகப் போய்வர வேண்டியிருக்கிறது.

தமிழரசனின் கோபத்துக்குக் காரணம் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆலைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் அவன் நர்சரி வைத்திருந்தான். என்ன கன்று வைத்தாலும் பதினைந்தாம் நாள் வெள்ளைக் கன்று ஆகிவிடும். "கன்னுக்கெல்லாம் பவுடர் போட்டு வச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் ஏராளம். கடைசியில் பொறுக்க முடியாமல் கடையைக் கட்டிக்கொண்டு வாலிகண்டபுரத்துக்கு வந்துவிட்டான். இனி அந்தக் கம்பெனிக்குத் தன் கையால் ஒரு புல்கூடப் போகாது என்று சபதம். விஷயம் தெரியாமல் ஆலையிலிருந்து கன்று கேட்டு வந்த ஆபீசர் ஒருவரை மெயின் ரோடு வரை விரட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவர் ஜீப்பை மறந்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

புது இடத்தில் பிழைப்பு பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு என்றால் பாதி விலை. பாதி விலைதான் என்றாலும் மூன்று வருஷமாக வண்டி வண்டியாகப் போனதில் கையில் நாலு காசு சேர்ந்தது. அதுதான் இந்த எட்டு லட்சம். மகள் நந்தினி இப்போது நாலாம் வகுப்பு; அவள் காலேஜுக்குப் போகும்போது எடுக்க வேண்டிய பணம். பிள்ளைகள் மரம் நட்டதில் வந்த காசைப் புகை விடாத, தண்ணீரைக் கெடுக்காத இடத்தில்தான் போடுவேன் என்று தமிழரசன் ஒற்றைக் காலில் நின்றான். நிற்பதற்கு அவனுக்கு வெள்ளிக்கிழமை வரைதான் அவகாசம் இருந்தது.

அந்தத் தேதியைக் குறித்தவள் அவன் மனைவி சத்யப்பிரியா.

"என்னங்க, போட்டாச்சா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"இல்ல. இந்த ஈ.எஸ்.ஜி. ஃபண்டுலயும்..."

"ஈ.எஸ்.ஐ.யா? அது ஆஸ்பத்திரிக்குல்ல புடிப்பாங்க?"

"ஈ.எஸ்.ஜி.! சுற்றுச்சூழல் பாத்துப் பணம் போடுறது."

"நீங்க பாத்த லட்சணம் போதும். பேங்க்ல செவனேன்னு கெடந்த டெபாசிட்டை பாதியில ஒடைச்சீங்க, வட்டி போச்சு. மொத ஃபண்டுல பணத்தைப் போட்டுட்டு, லிஸ்டை அப்பறமாப் படிச்சு, மறு வாரமே உருவுனீங்க. அதுக்கு எட்டாயிரம் புடிச்சுக்கிட்டான். இப்புடியே சுத்திக்கிட்டு இருந்தீங்கன்னா சுத்துதான் மிஞ்சும், சூழலும் இருக்காது, பணமும் இருக்காது."

உள்ளே அவள் தம்பி வீரமணி காபி குடித்துக்கொண்டிருந்தான். பிளாட் போட்டு விற்கிறவன். அக்கா வீட்டில் பணம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு இந்த வீட்டுக் காபி ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"மாமா, கார்னர் பிளாட்டு ஒண்ணு உங்களுக்காகவே நிறுத்தி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை முகூர்த்த நாளு. பாப்பா காலேஜு போறப்ப நாலு பங்கா நிக்கும்."

போன வருஷம் வரை மக்காச்சோளம் விளைந்த நிலம் அது. இப்போது வெள்ளைக் கல்லும் கலர் கொடியும் ஒரு ஆர்ச்சும்தான் விளைந்து நிற்கின்றன. ஆர்ச்சில் 'பசுமை நகர்' என்று எழுதியிருந்தது. தமிழரசனுக்கு அதை நினைத்தாலே வயிறு எரியும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க ஒரு எடத்துல போடலேன்னா, நான் தம்பிகிட்ட அட்வான்ஸ் குடுத்துருவேன். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது" என்றாள் சத்யப்பிரியா.

அன்று திங்கள்கிழமை.

செவ்வாய்க்கிழமை பானுப்ரியா நாலாவது ஃபண்டை எடுத்து வைத்திருந்தாள். "இதுல ஒரு ஆலைகூட இல்ல சார். முக்கால்வாசி பேங்க்."

தமிழரசன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தான். திறந்தவன் நிறுத்திவிட்டான்.

"இந்த பேங்க் யாருக்கெல்லாம் கடன் குடுக்குது?"

"எல்லாருக்கும்தான் சார்."

"அந்த ஆலைக்கும் குடுத்திருக்குமா?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா உங்க நர்சரிக்கு நிழல்வலை போட இந்த பேங்க்தானே சார் லோன் குடுத்துச்சு?"

"எனக்கும் அவனுக்கும் ஒரே பேங்கா!" என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். நாலாவதும் போயிற்று.

ஐந்தாவது காற்றாலையும் சூரிய சக்தியும் மட்டும் வைத்திருந்த ஃபண்டு. பட்டியலை மூன்று தடவை படித்தான். குறையே தெரியவில்லை. இந்தத் தடவை எல்லார் வாயையும் அடைத்துவிடலாம் என்று பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்ததுதான் தப்பு. காபி டம்ளரோடு வீரமணி கேட்டான்.

"மாமா, அந்தக் காத்தாடி எது மேல நிக்குது?"

"கம்பத்து மேல."

"கம்பம்?"

"தரையில."

"சும்மா நட்டு வைக்க அது என்ன வாழைக்கன்னா மாமா? ஒரு வூடு கொள்ளுற அளவுக்குக் குழி தோண்டி, அம்புட்டையும் கான்கிரீட்டு போட்டு ரொப்புறாங்க. அந்தக் கான்கிரீட்டுக்கு சிமெண்ட் எங்கேர்ந்து போவுதுன்னு நான் சொல்லணுமா?"

சத்யப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். தமிழரசன் பட்டியலை நாலாக மடித்தான்.

புதன்கிழமை அவன் தற்காப்பை விட்டுவிட்டுத் தாக்குதலில் இறங்கினான். மூன்றாவது ஃபண்டு கம்பெனிக்கே ஒரு மெயில். அவன் சொல்லச் சொல்ல பானுப்ரியா அடித்தாள். நடுவில் வந்த சில வார்த்தைகளை மட்டும் தன் பொறுப்பில் விட்டுவிட்டாள். அந்த ஆலைக்கு எந்த அடிப்படையில் மார்க் போட்டீர்கள், அதைத் தூக்கினால் என் பணம் உங்களுக்கு, இல்லாவிட்டால் ஒரு பைசா கிடையாது என்று கடிதம் முடிந்தது.

வியாழக்கிழமை காலையிலேயே பதில் வந்துவிட்டது. பானுப்ரியா இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னாள்.

"உங்க அக்கறைக்கு நன்றின்னு போட்டிருக்காங்க சார். ஆலையில தூசி புடிக்கிற மெஷினு புதுசா வச்சிருக்காங்களாம். அது மட்டும் இல்லாம மூணே வருஷத்துல சுத்தியும் ஒரு காடே வளத்துட்டாங்களாம். இந்த ஃபண்டுல இருக்குற கம்பெனியிலேயே மரம் வளக்குறதுல அவங்கதான் ஃபர்ஸ்ட்டாம்."

"மரமா?" தமிழரசன் மேஜையைத் தட்டினான். "அங்க எருக்கஞ்செடிகூட இருமிக்கிட்டு நிக்கும்! இன்னிக்கே போயி போட்டோ எடுத்து அனுப்புறேன் பாரு."

இதையும் அவன் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டான். சத்யப்பிரியா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"தாராளமா போயிப் பாருங்க. மரம் இருந்துச்சுன்னா, மறு பேச்சு பேசாம அந்த ஃபண்டுலயே போட்டுறணும். இல்லேன்னா அவங்க சொல்றது பூராவும் பொய்யின்னு ஆயிருதுல்ல? அப்ப ஃபண்டே வேணாம். நாளைக்குக் காலையில பிளாட்டு. சரியா?"

"சரி" என்று தமிழரசன் மார்தட்டிவிட்டு பைக்கை எடுத்தான்.

பெரம்பலூரைத் தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மரம் இல்லாவிட்டால் அவன் ஜெயிப்பான், பணம் பசுமை நகருக்குப் போகும். மரம் இருந்தால் அவன் தோற்பான், பணம் சிமெண்டுக்குப் போகும். வழியில் ஒரு பிள்ளையார் கோயில் வந்தது. வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டான். என்ன வேண்டிக்கொள்வது என்று கடைசி வரை தெரியவில்லை. தோப்புக்கரணம் மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

அரியலூர் நெருங்க நெருங்க சுண்ணாம்புக்கல் லாரிகள் வழியை மறித்தன. ஆலை வாசலில் செக்யூரிட்டி "பாஸ் இருக்கா?" என்றார். இல்லை. தமிழரசன் விடவில்லை. காம்பவுண்டை ஒட்டிய மண் ரோட்டில் வண்டியைத் திருப்பி, சுரங்கப் பக்கம் ஒரு வளைவு சுற்றினான். சுற்றியவன் பிரேக் போட்டான்.

மரம் இருந்தது.

ஒன்றிரண்டு இல்லை. வேம்பு, புங்கன், நாவல், நீர்மருது என்று கண்ணுக்கு எட்டின தூரம் வரை வரிசை பிசகாமல் நின்றன. இரண்டு ஆள் உயரம். இலைமேல் லேசாகத் தூசி இருந்தது, ஆனால் அதற்கும் கீழே நல்ல கரும்பச்சை. கம்பி வேலி இல்லாத இடமாகப் பார்த்து உள்ளே போனான். போட்டோவுக்காகப் பட்டுப்போன மரம் ஒன்றைத் தேடி அரை மணி நேரம் நடந்தான். ஒன்றுகூட அகப்படவில்லை. ஒரு புங்கனின் தண்டைத் தடவிப் பார்த்தான். வளைவு இல்லை, முடிச்சு இல்லை. வேர் பையில் சுருள்வதற்கு முன்னால் பதமான வயசில் எடுத்துக் கொடுத்த கன்றுதான் இப்படி வரும்.

"வேலை தெரிஞ்சவன் வளத்த கன்னு" என்று வாய்விட்டே சொன்னான்.

அவனுக்கு வருத்தமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த நிழலில் நின்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்பே இந்த மரங்கள் இருந்திருந்தால் அவன் நர்சரியும் இங்கேயே இருந்திருக்கும். மரம் வளர்த்தவன் எவனாக இருந்தால் என்ன, வளர்த்துவிட்டான். தமிழரசன் போனை எடுத்தான்.

"ஏம்மா, அந்த மூணாவது ஃபண்டு. போட்டுரு. மிச்சம் இருக்குறது பூராவும்."

"சார்... அதுல அந்த சிமெண்ட்டு..."

"இருந்துட்டுப் போவுது."

பானுப்ரியா அவன் மனசு மாறுவதற்குள் லிங்க் அனுப்பினாள். அவன் ஒரு நாவல் மரத்தில் சாய்ந்துகொண்டு ஓ.டி.பி. போட்டான். பணம் போய்விட்டது. அடுத்த போன் வீட்டுக்கு.

"மரம் இருந்துச்சா?" என்றாள் சத்யப்பிரியா.

"இருக்கு. பணத்தைப் போட்டாச்சு. தம்பியை வேற ஆளு பாத்துக்கச் சொல்லிரு."

"அப்ப தோத்துட்டீங்க."

"தோத்துட்டேன்."

"அப்பறம் என்ன, கல்யாண வூட்டுல பந்தியில உக்காந்தவரு மாதிரி பேசுறீங்க?"

போனை வைத்தான். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு பதமாகக் கன்று எடுக்கிற கைகாரன் இந்த ரெண்டு ஜில்லாவில் யார்? தனக்குத் தெரியாமல் எந்த ஊரில் ஒளிந்திருக்கிறான்? சிமெண்ட்டைக்கூட ஜீரணித்தாயிற்று, இதை முடியவில்லை.

வரிசைக் கடைசியில், புடவைக்கு மேலே கம்பெனிச் சட்டை போட்ட ஒரு அம்மா ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சட்டையில் 'ஆண்டாயி' என்று எழுதியிருந்தது. தமிழரசன் அவளிடம் போனான்.

"ஏம்மா, கன்னெல்லாம் அருமையா இருக்கே, எந்த நர்சரியில வாங்குறாங்க? எனக்கும் கொஞ்சம் வேணும்."

ஆண்டாயி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பைப்பைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாலிகண்டபுரத்துல ஒரு ஆளுங்கய்யா, ஆனா கம்பெனிக்குன்னு வாயைத் தொறந்துறாதீங்க, அடிக்க வந்துருவாராம், எங்க காண்ட்ராக்டர் மாதிரி 'பள்ளிக்கூடத்துக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பாதி வெலைக்கு அவரே வண்டியில ஏத்தி வுட்டுருவாரு!"