இரண்டு விரற்கடை

கச்சிதக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். பரிசுப் பொருளைச் சுற்றும் காகிதத்தில் ஓர் அங்குலம் மிஞ்சினாலும் கத்தரிக்கோலைத் தேடுவார், ஏழு மணி ரயிலுக்கு ஆறு ஐம்பத்தொன்பதுக்கு நடைமேடையில் கால் வைப்பார், டம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர் மீந்தால் யார் வைத்தது என்று வீட்டையே விசாரிப்பார். மிச்சம் என்றாலே அவருக்கு உடம்பு கூசும்.

நம்முடைய கச்சிதக்காரர் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர். அங்குள்ள இருபத்துநாலு கம்ப்யூட்டர்களையும் இணைக்கிற ஸ்விட்ச் என்ற தட்டைப் பெட்டி தள்ளாடத் தொடங்கியதால், சுவரில் மாட்டிய இரும்பு ராக்கில் புதியதைப் பொருத்த வேண்டியிருந்தது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இணைப்பைத் துண்டிக்கலாம், இரண்டு மணிக்குச் சீட்டுப் பதியும் கவுண்டர் திறந்தாக வேண்டும் என்று பெரிய டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பத்து நிமிஷ வேலை என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பத்து நாள் முன்னேற்பாடு. கூரையிலிருந்து இறங்கும் இருபத்துநாலு புதுக் கேபிள்களையும் வகிடெடுத்துச் சீவி, நான்கு விரலுக்கொரு கட்டுப் போட்டு, இரு முனையிலும் எண் ஒட்டி, ராக்கின் இரண்டாவது தட்டுக்குச் சரியாக அளந்து, வெட்டி, பிளக் மாட்டினார். தினமும் இரண்டடி பின்னால் போய் நின்று ரசிக்கவும் செய்தார். ஏணியைப் பிடித்திருந்த எலக்ட்ரீஷியன்தான் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தார்.

"சார், ஒரு முழம் கூட விட்டுச் சுருட்டி வைப்போமே. நாளைக்கு ஒதவும்."

"தொங்கவிட்டா அது கேபிளா, துணி காயப்போடுற கொடியா?"

நாள் வந்தது. பழையது இறங்கியது. புதியது இரண்டாவது தட்டில் முக்கால்வாசி நுழைந்து, உள்ளே இருந்த மின்சாரப் பெட்டியில் முட்டிக்கொண்டு நின்றது. கேபிளை அளந்தார், கட்டுகளின் இடைவெளியை அளந்தார், ஸ்விட்ச்சின் நீளத்தை அளந்தாரா? போகட்டும், ஒரு தட்டு கீழே இறக்கினால் தீர்ந்தது. இறக்கித் திருகிவிட்டு முதல் கேபிளை இழுத்தார். இரண்டு விரற்கடை எட்டவில்லை. அடுத்ததும் இரண்டு விரற்கடை. கச்சிதமான மனிதர் அல்லவா, இருபத்துநாலும் ஒரே அளவில் எட்டவில்லை.

மணி ஒன்று ஐம்பது. வெளியே நோயாளிகள் வரிசை கட்டிவிட்டார்கள். நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ராக்கு தலைமேல தூக்கி வைங்க சார். மேல எட்டும்," என்றார் எலக்ட்ரீஷியன்.

வேறு வழி? வைத்தார்கள். எட்டியது, எட்டியதோடு நிற்காமல் மிஞ்சியும் போனது. இரண்டு மணிக்குக் கவுண்டர் திறந்தபோது, பத்து நாள் சீவிய கேபிள்கள் அத்தனையும் தொப்பை தள்ளிக்கொண்டு தொங்கின. டாக்டரம்மா வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் வேலை செய்யுது, சந்தோஷம். கொஞ்சம் அளந்து வெட்டியிருக்கக் கூடாதா?"

எலக்ட்ரீஷியன் ஏணியை மடித்துக்கொண்டு, பெரிய மனதோடு, சிரிப்பை அடக்கியபடி போனார்.

சிரித்தாயிற்றா? இப்போது உங்கள் படுக்கையறைக்கு வாருங்கள். கைபேசி சார்ஜில் இருக்கும்போது கட்டிலின் ஓரத்துக்கு உருண்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு பேசுகிறீர்களே, அந்த ஒயரை வாங்கும்போது, "இது போதும், நீளமா இருந்தா பார்க்க நல்லா இருக்காது" என்று கடைக்காரரிடம் சொன்னது யார்?