இன்றைக்கும் மை நேம் இஸ்

வகுப்புக்கு இன்றைக்கும் பத்துப் பேர் வந்திருந்தார்கள். நேற்று வந்த பத்துப் பேரில் ஒருத்தர்கூட இல்லை.

நோரா பெருமூச்சு விட்டுவிட்டுக் கரும்பலகையில் மறுபடியும் 'மை நேம் இஸ்' என்று எழுதினாள். நாற்பத்தோராவது தடவை.

சங்ககிரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெரியவர்களுக்குச் சம்பளமில்லாமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க அயர்லாந்திலிருந்து வந்தவள் அவள். பாண்டிச்சேரியில் ஆறு மாதம் தமிழ் வேறு படித்திருந்தாள். வந்த ஜோரெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. 'இன்னும் ஒரே ஒரு நாள்' என்று தன்னைத்தானே கெஞ்சித்தான் தினமும் சமுதாயக்கூடத்துக்குக் கிளம்புகிறாள். மாதக் கடைசிக்குள் ஒருத்தராவது நாலு வாக்கியம் பேசாவிட்டால் மூட்டையைக் கட்டிவிடுவது என்று முடிவும் செய்திருந்தாள்.

முதலில் வருகைப் பதிவேடு போட்டாள். மறுநாள் கந்தன் பெயரைக் கூப்பிட்டதும் ஓர் அம்மாள் எழுந்து, "உள்ளேனுங்க" என்றாள். கந்தன் லாரியில் நாக்பூர் போய்விட்டாராம். அவருக்குப் பதிலாக இவளாம்.

சரி, பரீட்சை வைத்தால் பயத்திலாவது படிப்பார்கள் என்று சனிக்கிழமை பரீட்சை அறிவித்தாள். சனிக்கிழமை வந்த பத்துப் பேருக்கும் கையெழுத்தே போடத் தெரியாது. பள்ளிக்கூடம் போனவர்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

நேரம்தான் ஒத்துவரவில்லையோ என்று காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என வகுப்பை இரண்டாக்கினாள். அவ்வளவுதான், எதிரே வந்தவர்களெல்லாம் அவளைக் கண்டதும் சந்துக்குள் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் கூடத்தில் வேளைக்குப் பத்துத் தலை குறையவில்லை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை அவளுக்கு.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூடத்தைப் பெருக்க வந்த குப்பாயி என்னவென்று கேட்டாள்.

"என்னால் முடியவில்லை அக்கா. நான் ஊருக்குப் போகிறேன். இங்கே யாருக்கும் நான் வேண்டாம்." என்றாள் நோரா.

குப்பாயிக்குப் பொறுக்கவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க சாமி, எங்களுக்கு இங்கிலீசுதான் வேண்டாமுங்க, வந்த புதுசுல காலிக் கூடத்துல நீங்க ஒத்தையில உக்காந்து அழுததைப் பாத்துப்போட்டுத்தான், காட்டுக்குத் தண்ணி முறை வெக்கற மாதிரி, ஊட்டுக்கு ஒரு ஆளுன்னு ஊர்க்கூட்டத்துல முறை வெச்சுப்போட்டாங்க."