மொதல்ல சாரும் இடது ஓரச் சிவப்பும்

திண்டுக்கல்லில் யார், எந்த நேரத்தில், எதைப் பார்க்கிறார்கள் என்பதைத் துல்லியமாக அறிந்த ஒரே ஜீவன் மொதல்ல சார்தான். டீக்கடைக்காரர்களுக்கும் அந்த விவரம் தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவர்கள் யாரும் அதற்காக பிஎச்.டி. வாங்கவில்லை.

ஊருக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவர் கம்ப்யூட்டர் துறை, நான் ஆங்கிலம். கண் எதைக் கவனிக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"மனுசன் ஒரு படத்தை முழுசாப் பாக்குறதே இல்ல சார். ரெண்டு மூணு எடத்தைத் தொட்டுட்டு, அம்புட்டையும் பாத்த மாதிரி நெனச்சுக்கிறான். அந்த எடம் எதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்துட்டா, அது மொத்தப் படத்தையும் மேய வேண்டியதில்ல பாருங்க" என்பார். கல்லூரிப் பேருந்தில் என் பக்கத்து இருக்கை அவருடையது என்பதால், இதை நான் பல வருடம் கேட்டேன்.

எதிரில் யார் வந்தாலும் "மொதல்ல எதைப் பாத்தீங்க?" என்று கேட்டுவிடுவார். மாணவர்கள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

ஒருமுறை பிரியாணிக் கடையில் பரிமாறுபவரிடமே கேட்டார். "இந்த டேபிள்கிட்ட வந்ததும் மொதல்ல எதைப் பாத்தீங்க?"

"உங்களுக்குப் பின்னாடி எடத்துக்கு நிக்கிற அஞ்சு பேரை. சாப்ட்டாச்சுன்னா எந்திரிங்கண்ணே."

மொதல்ல சார் நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அந்த ஐந்து பேரும் அவர் எழுதி முடிக்கும்வரை நின்றார்கள்.

பெண் பார்க்கப் போனபோதும் அந்த நோட்டு கூடவே போயிருக்கிறது. திரும்பி வந்ததும் அவருடைய அம்மா, "பொண்ணு எப்படிப்பா?" என்று கேட்க, "பொண்ணோட மாமா கண்ணு பூரா மிக்சர் தட்டுலதாம்மா இருந்துச்சு" என்றாராம். பெண்ணைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது. "தாலி கட்டும்போதுதான் ஒரு தடவை பாத்தாரு" என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதுவும் புகைப்படக்காரர் சொல்லித்தான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பேராசிரியர் ஆக வேண்டும். அதற்கு வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை வர வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இந்த வருடம் வராவிட்டால் அடுத்தவருக்கு என்றும் சொல்லிவிட்டது. அடுத்தவர், மொதல்ல சாரிடமே படித்தவர்.

சார் களத்தில் இறங்கினார். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கணினி, அதன் கீழே கண்ணின் அசைவைப் பதிவு செய்யும் சின்னக் கேமரா. திரையில் படம் வரும். பார்ப்பவரின் கண் எங்கே அதிகம் தங்குகிறதோ அங்கே சிவப்பு பரவும். மாணவர்களை வைத்து உலகமே ஆராய்ந்துவிட்டது, நமக்கு விவசாயிகள்தான் வேண்டும் என்றார். பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர், கேன்டீனுக்குக் காய்கறி இறக்க வந்தவர்கள், பூ மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. தூசி வரக்கூடாதென்று வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு போர்டு. ஏ.சி. ஓடாததால் கதவு மட்டும் திறந்தே இருக்கும்.

முடிவு வந்தது. மாட்டைக் காட்டினாலும் மாங்காயைக் காட்டினாலும் சிவப்பு படத்தின் இடது ஓரத்திலேயே போய் அப்பிக்கொண்டது. எழுத்து இடமிருந்து வலம் போவதால் இருக்குமோ என்று பார்த்தால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதே இடம்தான். சார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள், தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்து இடது மாட்டைக் கவனித்த சமவெளி மக்களின் கண் இடப்பக்கமே பழகிவிட்டது என்று கண்டுபிடித்தார்.

கட்டுரையின் ஆங்கிலத்தைத் திருத்தியது நான். மொழியைத் திருத்தியதோடு நில்லாமல், மாடுகளைப் பற்றி உருக்கமாக இரண்டு வரி நானே சேர்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் மயங்கி ஏற்றுக்கொண்டார்கள். கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தாகிவிட்டது.

பத்திரிகைக்குப் புகைப்படம் எடுக்க வேண்டுமே. தொப்பம்பட்டியிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு விவசாயியை மறுபடி உட்கார வைத்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை சோதனைக்கு வந்தவர்தான். திரையில் தென்னந்தோப்பு. சிவப்பு சொல்லிவைத்தாற்போல் இடது ஓரத்துக்குப் போனது. சார் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

கல்லூரி முதல்வர் சும்மா இருந்திருக்கலாம். "ஏன்ய்யா அந்தப் பக்கமே பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"செருப்பு வெளியில கெடக்குதுங்க" என்றார் விவசாயி. "இங்க ஒரு நாய் தூக்கிட்டுப் போயிருமுன்னு வாட்ச்மேன் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லித்தானுங்க உள்ளார உடறாரு. போன தடவையே பாதி நேரம் அதைத்தானுங்க பாத்துட்டு இருந்தேன்."

கதவு இடப்பக்கம் இருந்தது.

ஊர் முழுக்க "மொதல்ல எதைப் பாத்தீங்க?" என்று கேட்டவர், அந்த அறைக்குள் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சோதனை கெட்டுவிடும் என்பது விதியாம். அவர் எழுந்து, மேசையைத் திருப்பிப் போட்டார். இப்போது கதவு வலப்பக்கம் வந்தது. விவசாயியை உட்காரச் சொன்னார். சிவப்பும் வலது ஓரத்துக்கு வந்து சேர்ந்தது.

முதல்வர் கதவைச் சாத்தினார். "விடுங்க சார். அம்புட்டு தூரத்துல இருக்கிறவனுக்கு நம்ம செருப்பு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்" என்றார் மொதல்ல சார். "அவங்க ஷூ போட்டுக்கிட்டே உள்ள போறவங்க. தலைகீழா நின்னாலும் அவங்களால இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு."

நான் வெளியே இழுத்துப்போய்க் கெஞ்சினேன். பேராசிரியர் பதவி, பெயருக்கு முன்னால் ஒட்டும் மரியாதை, மாடுகளைப் பற்றிய என் இரண்டு வரி என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். "செத்த நேரம் இருங்க சார், மெயில் அனுப்பிட்டு வாரேன்" என்று உள்ளே போய், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பிவிட்டுத்தான் வந்தார். நாய், செருப்பு, கதவு எதையும் மறைக்கவில்லை.

அவருடைய பழைய மாணவர் பேராசிரியர் ஆனார். பாராட்டுக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது மொதல்ல சார்தான். எனக்குத்தான் கை வரவில்லை. அன்று இரவு வீட்டில் காரணமில்லாமல் எல்லார் மீதும் எரிந்து விழுந்தேன்.

அப்புறம் நான் வேலையை விட்டுவிட்டு எழுத வந்துவிட்டேன். சார் இன்னும் அதே கல்லூரியில், அதே பதவியில் இருக்கிறார். போன வருடம் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மதிப்பெண். கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது, சென்னையிலும் கிடைத்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டதென்று சொல்கிறார்கள். நான் அவளைக் கொண்டுபோய் அவருடைய வகுப்பில்தான் சேர்த்தேன்.