காய மறுத்த நான்கு பல்துலக்கிகள்

பற்களின் காவலரும் என் துணைவியின் தமையனாருமாகிய மைத்துனர் அவர்களுக்கு,

நலம். தாங்களும், தங்கள் நாற்காலியில் வாய் பிளந்து கிடப்போர் அனைவரும் நலமுற விழைகிறேன். தங்கள் தங்கை வரும் ஞாயிறன்று பெட்டியோடு தங்கள் இல்லம் வரப்போவதாகச் சூளுரைத்திருக்கிறாள். அவள் கண்ணீர் தங்களை எட்டுமுன் உண்மை எட்ட வேண்டும், அதற்காகவே இம்மடல்.

சென்ற திங்கள் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கையோடு தாங்கள் அருளிய அறிவுரையை நினைவுகூர்க. பல்துலக்கியை நன்கு அலசுக, நிமிர்த்தி நிறுத்துக, ஒன்றோடொன்று உரசவிடாதீர், மூடியிடாது காற்றில் உலர்த்துக, ஈரமே கிருமிகளின் கொண்டாட்டம் என்றீர்கள். வீடு திரும்பினேன். குளியலறையில் ஒரே குவளைக்குள் நான்கு பல்துலக்கிகள் பேருந்து நெரிசலில் நிற்போர்போல் தலையோடு தலை முட்டிக் கிடந்தன! பொறுப்பேனா? அன்றே மகனை ஏவி ஒரு மரக்கட்டையில் சாண் இடைவெளிக்கு ஒரு துளை இடச்செய்து, காற்றும் வெயிலும் பாயும் கூடத்துச் சன்னலோரத் தட்டில் நான்கையும் படைவீரர்போல் நிறுத்தினேன். பால்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், பிரஷ் கடை போட்டாச்சா?" என்று நகைத்தார், நான் அசைந்தேனில்லை. ஆனால், மைத்துனரே, ஆறு மணிக்குத் துலக்கி வைத்தவை பத்து மணிக்கும் ஈரமாகவே இருந்தன! ஒருநாளல்ல, தொடர்ந்து ஒன்பது நாள்! எவரோ சதி செய்கிறார் எனத் தெளிந்து குடும்பத்தைக் கூட்டி விசாரணை நடத்தினேன். மகன், "அப்பா, ரெண்டு வேளை தேய்க்கிறதே பெருசு. இதுல திருட்டுத்தனமா வேற யாராவது தேய்ப்பாங்களா?" என்றான். மருமகளோ, "ஆபீஸுக்கு ஓடுற அவசரத்துல நாலு பிரஷை நனைச்சுக்கிட்டு நிப்பேனா மாமா?" என்றாள். எஞ்சியவர் ஒருவரே. ஈரத்துணியால் தட்டைத் துடைப்பவர் தங்கள் தங்கை. குற்றவாளி நீயே என்று மருமகள் முன்னிலையில் முழங்கினேன்.

அவள் சொன்னாள்: "முப்பது வருஷமா உங்க வாய்க்குப் பயந்தாச்சு. இனி உங்க பிரஷுக்கும் பயப்படணுமா? எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்க யாரும் பிரஷ் ஈரமா இருக்குன்னு என்னைக் கூண்டுல ஏத்த மாட்டாங்க."

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது ஒரே வரி: "ஈரத்துணியே காரணம்; கணவர் கூற்றே மெய்." கீழே மருத்துவர் முத்திரை. அவள் தங்கள் சொல்லைத் தட்டமாட்டாள், பயணமும் நின்றுவிடும். வெற்றி நமதே!

தங்கள் இல்லத்தார் எல்லோர்க்கும் முப்பத்திரண்டும் ஆடாது அசையாது நிலைபெறுக.

இங்ஙனம்,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையிலிடுமுன் இம்மடலை, என் மேடையுரைகளை நாள்தோறும் ஒத்திகை பார்க்கும் வழக்கப்படி, கூடத்துக் கண்ணாடி முன் நின்று உரக்கப் படித்தேன். பல்துலக்கித் தட்டு, சன்னலையொட்டி மாட்டிய அக்கண்ணாடிக்கு நேர் கீழே உள்ளது. "பொறுப்பேனா?" என்ற இடத்தில் நான் உச்சத்தைத் தொட்டபோது தங்கள் தங்கை வந்து நின்றாள், கண்ணாடியைக் காட்டினாள். கண்ணாடி முழுதும் துளிகள். "தினமும் ஒன்பது மணிக்கு இங்கதானே கர்ஜிக்கிறீங்க? மழை எங்கேருந்து பெய்யுதுன்னு நீங்களே பாருங்க" என்றாள். பார்த்தேன். ஓரடி தள்ளி நின்று, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். பெட்டி பரண் ஏறிவிட்டது. அந்த ஒரு வரி வேண்டா. புதிய பல்துலக்கிகள் நான்கு அனுப்புக. அவற்றில் மூன்று அடுக்களைச் சன்னலுக்குப் போகின்றன. என்னுடையது மட்டும் கண்ணாடிக்கடியிலேயே நிற்க வேண்டுமாம். தங்கள் தங்கையின் தீர்ப்பு: "உங்க பேச்சை உங்க பிரஷ் மட்டும் கேட்டா போதும்."