கோச் தலையில் வைத்த வேண்டுதல்

சாமியிடம் எதையாவது கேட்பதாக இருந்தால் மனசுக்குள் கேட்க வேண்டும். வாய்விட்டுக் கேட்டால் சாமி மட்டுமா கேட்கிறது, சிக்கந்தர் பாயும் கேட்டுவிடுகிறார். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வயசுக்கு மேலா என்று கேட்காதீர்கள். எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கொடைக்கானலில் பாஸ்கெட்பால் மைதானத்துக்கு எதிரே இருக்கிறது எங்கள் பூண்டுக்கடை. பூம்பாறையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பூண்டு வந்து இறங்கும். நான் படித்தது மூணாம் வகுப்பு. ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து மூட்டைமேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துப் பார்த்து, எது ஃபவுல், எது சரி என்று ரெஃப்ரி விசில் ஊதுமுன்னே சொல்லிவிடுவேன். (ரெஃப்ரிகளுக்கு இது பிடிப்பதில்லை. அதற்கு நான் என்ன செய்ய?) காலரியில் முதல் படி என் இடம். பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர். பின்படியில் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய். எங்கள் ஊர் டீம் பாதி ஆட்டத்தில் ஓய்வெடுக்கும்போது, ஒரு தூக்கு நிறையப் பூண்டுப் பால் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். குடித்துவிட்டு இறங்கினால் எதிர் டீம்காரன் ஒருத்தன் கிட்டே வரமாட்டான். அதுவும் ஒரு தடுப்பாட்டம்தானே?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான், முன்பு எங்கள் டீமில் ஆடி இப்போது வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கும் ஒரு புண்ணியவானுக்கு, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நல்ல கழிப்பறை கட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் ஒரு கோச்சை அனுப்பிவைத்தார்.

கோச்சின் பெயர் மிலான். சொந்த ஊர் செர்பியாவாம். அது எங்கே இருக்கிறது என்று கேப்டன் ஜோசப்பிடம் கேட்டேன்.

“ஐரோப்பால இருக்கு பெரியம்மா.”

ஐரோப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது இல்லையா?

வந்த அன்றைக்கு ஊரே காலரியில் உட்கார்ந்திருந்தது. கோச் குனிந்துதான் கேட்டுக்குள் நுழைந்தார். பொன் கம்பியாகத் தோளுக்குக் கீழே தொங்கும் முடி. அதை ரப்பர் பேண்டு போட்டுப் பின்னால் கட்டியிருந்தார்.

“ஆளு நல்ல உசரமாத்தான் இருக்காரு. பேசாம இவரையே ஆடவிட்ரலாம்” என்றார் பாய்.

“குடுமியைப் பாருங்க பாய். இத வாரிக் கட்டவே விடிஞ்சிரும். இவரு எப்பப் பந்தைத் தொடுறது?” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நான் மட்டும் பெருந்தன்மையாக, “வந்த மனுசன் வேலையப் பாக்காம பேசாதீங்க” என்றேன். அந்தப் பெருந்தன்மை அந்த வாரம் முழுக்கக்கூட நிற்கவில்லை. கோச் முதலில் செய்த காரியம், காலரியிலிருந்து யாரும் ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது என்றது. அப்புறம் காலரி எதற்கு? கை தட்டவா? இரண்டாவது, பயிற்சிக்கு ஐந்து நிமிஷம் பிந்தி வந்தாலும் ஏரியைச் சுற்றி ஓட வேண்டும். மூன்றாவதாக, என் தூக்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மெதுவாக மூடி, இரண்டு கையாலும் பிடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பையன்களுக்கு ஆளுக்கொரு மலைவாழைப் பழம்.

“பால் குடிச்சிட்டு ஓடுனா வயிறு கலங்குமாம் பெரியம்மா” என்று ஜோசப் நெளிந்துகொண்டே சொன்னான்.

“ஏலே, இத்தன வருசமா ஒனக்குக் கலங்குச்சா?”

அவன் வாழைப்பழத்தை உரிக்க ஆரம்பித்தான். நன்றி கெட்ட பயல்.

அதோடு விட்டாரா? எங்கள் பையன்கள் தூரத்திலிருந்து எறிந்து கூடைக்குள் விழவைப்பதில் பேர் வாங்கினவர்கள். இவர் வந்து பாஸ் கொடு, பாஸ் கொடு என்று சொல்ல, பந்து இவன் கையிலிருந்து அவன் கைக்கும் அவன் கையிலிருந்து இவன் கைக்கும் கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையாகத் தோற்றோம். பஜாரில் ரெண்டு கட்சி ஆகிவிட்டது. கோச்சை ஊருக்கு அனுப்பு என்று ஒரு கட்சி. பொறுத்துப் பார் என்று ஒரு கட்சி. முதல் கட்சிக்கு நான்தான் தலைவி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோடை சீசனில் எங்கள் ஊரில் ஒரு போட்டி நடக்கும். மலைக்குக் கீழே இருக்கிற ஊர்களிலிருந்தெல்லாம் டீம் வரும். நாங்கள் எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டோம். (எப்படியோ என்ன எப்படியோ, அந்தத் தாம்பூலத் தட்டு வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள அப்போது எனக்கு மனசில்லை.) ஆட்டம் முடிய சில விநாடிகளே இருந்தன. நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். ஜோசப்பைத் தள்ளிவிட்டதற்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அவன் கோட்டில் வந்து நின்றதும் காலரி மொத்தமும் மூச்சுவிடாமல் அமைதியாகிவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டேன்.

“பழனி முருகா! இந்த ஆட்டத்த மட்டும் ஜெயிக்க வச்சிரு, ஒன் சன்னதிக்கு வந்து மொட்டை போட...”

அதற்குள் என் கை தானாகப் பின்னால் போய் என் கொண்டையைத் தொட்டுவிட்டது. என் முடியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இந்த வயசிலும் அவிழ்த்துவிட்டால் முழங்கால் தொடும். நான் மாடியில் தலை காயப்போட்டால் பக்கத்து வீட்டில் மத்தியானமே விளக்குப் போடுவார்கள். அதைக் கொடுக்க எப்படி மனசு வரும்? முருகனுக்கு நிறைய முடி வருகிறது. அதனால் வேண்டுதலைப் பாதியில் கொஞ்சம் திருத்தினேன்.

“...போட வைக்கிறேன், அந்தக் கோச்சுக்கு!”

ஜோசப் இரண்டையும் போட்டான். ஜெயித்துவிட்டோம்.

எங்கள் பக்கம் இது ஒன்றும் புதுசில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா வேண்டிக்கொள்வாள், மொட்டை பிள்ளைக்கு. கணவனுக்கு வேலை கிடைக்க மனைவி வேண்டிக்கொள்வாள், மொட்டை கணவனுக்கு. எங்கள் வீட்டுக்காரர் தலையில் மட்டும் இப்படி எத்தனை தடவை கடன் தீர்த்திருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. தலையைக் கேட்டுக்கொண்டா வேண்டுவார்கள்?

கூட்டம் குதித்து முடித்ததும் பாய் என் தோளைத் தட்டினார். “அக்கா, எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?”

“யார?”

“கோச்ச. பழனிக்கு. காலரி முழுக்கக் கேட்டுச்சே!”

“சும்மா வாயில வந்துச்சு பாய்.”

“அது ஒங்க சாமிகிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை ஃபைனலு. கடன வச்சிக்கிட்டா ஃபைனல் ஆடுறது?”

அன்று சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கப் பேச்சு அதுதான். நேற்று வரை கோச்சை ஊருக்கு அனுப்பு என்றவர்கள் எல்லாம் இப்போது அவரைப் பழனிக்கு அனுப்பு என்றார்கள். மறுநாள் ஜோசப்பைக் கூட்டிக்கொண்டு, ஒரு டப்பாப் பஞ்சாமிர்தத்தோடு கோச் அறைக்குப் போனேன். ஜோசப் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். கோச் பஞ்சாமிர்தத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னவோ சொன்னார்.

“என்னலே சொல்றாரு?”

“வேண்டுறதுக்கு முன்னாடி தன்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்கிறாரு பெரியம்மா.”

எனக்கு வந்ததே கோபம். “கேக்குறதுக்கு இதுல என்னலே இருக்கு? நான் பெத்த புள்ளைகளையே கேட்டதில்லன்னு சொல்லு!”

“சொல்லிட்டேன். அவுங்க மேல பரிதாபமா இருக்குங்கிறாரு.”

டப்பாவைக்கூட எடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பயிற்சியில் பையன்கள் பந்து போடுவது ஒன்றும் விழவில்லை. ஜோசப்பே ஃப்ரீ த்ரோவை வளையத்தில்கூடப் படாமல் எறிந்தான். வேண்டுதல் பாக்கி என்ற பயம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கடைசியில் கோச் நேராக என் கடைக்கே வந்து நின்றார், பின்னால் ஜோசப்.

“பசங்க பந்தைப் பாக்காம தன் தலையவே பாக்குறாங்களாம். இப்பிடியே விட்டா ஃபைனல் போச்சாம். மொட்டை போட்டுக்கிறாராம்.”

“முருகா!” என்றேன்.

“ஒரே ஒரு கண்டிசன். வேண்டுனவங்களும் கூட ஒக்காரணுமாம்.”

எங்கள் வீட்டுக்காரர் எடைபோட்டுக்கொண்டிருந்த பூண்டை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “வெளிநாட்டுல இருந்து வந்தாலும் நம்ம கட்சிக்காரன்டி” என்றார். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேர் பார்க்கிறபோது நான் முடியாது என்று சொல்வேனா? “வாரேன்னு சொல்லு” என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் மூட்டைக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன். அது கணக்கில் இல்லை.

ஃபைனல் சாயங்காலம் என்பதால் ஞாயிறு வெள்ளனே டீமோடு வேனில் கிளம்பினோம். கூடவே ஆதரவுக்கென்று வந்த காலரிக்காரர்களிடம், “நீங்களும் ஒக்காருங்களேன்” என்றேன். எல்லாருக்கும் திடீரென்று பழனியில் ஏதேதோ சோலி இருந்தது. பாய் மட்டும் நேர்மையாகத் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். “எனக்கு ஆண்டவனே போட்டு விட்டுட்டான்க்கா.”

அடிவாரத்தில் மொட்டை போடுகிற மண்டபத்தில் சீசன் கூட்டம். நெடுநேரம் வரிசையில் நின்ற பிறகு எங்கள் முறை வந்தது. வயசில் பெரியவர் முதலில் என்று எனக்குத்தான் முதல் மரியாதை. தண்ணீர் தெளித்து நாவிதர் கத்தியை வைத்ததுதான் தெரியும். திரும்பிப் பார்த்தால் முடி பக்கத்தில் குவிந்து கிடக்கிறது. தலையில் சந்தனத்தை அப்பியபோது குளிர்ந்ததே, அந்தக் குளிரை நான் கொடைக்கானலில் மார்கழியில்கூடக் கண்டதில்லை.

அடுத்து கோச் உட்கார்ந்தார். “இது என்ன சாமி, குதிரை வால் கணக்கா கத்தி எறங்க மாட்டேங்குது” என்று சலித்துக்கொண்டே நாவிதர் வலது பக்கத்தை முடித்தார். அப்போது ஜோசப்பின் போன் அடித்தது. மேலே ஊரில் மேகம் இறங்குகிறதாம். சாயங்காலத்துக்குள் வளையமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று ஆட்டத்தை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார்கள். வரவில்லை என்றால் எதிர் டீமுக்குக் கோப்பை.

கோச் சடாரென்று எழுந்துவிட்டார்.

“சாமி, பாதியில எந்திரிக்காதீங்க! அஞ்சே நிமிசம்!” என்று கத்தினார் நாவிதர்.

யாரிடம் போய் அஞ்சு நிமிஷம் கேட்கிறார்! அந்த மனுஷன் ஓடி வேனில் ஏறிவிட்டார். “எனக்கு முழுசா எடுத்துட்டு அவருக்குப் பாதியா? இது என்ன நியாயம்?” என்று நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். மலைப்பாதை முழுக்கக் கத்தினேன். பெருமாள்மலையில் சீசன் நெரிசலில் வண்டி நின்றபோது பக்கத்து வண்டிக்காரர்களிடமும் சொன்னேன். அவர்கள் கோச்சைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

விசில் ஊதப்போகும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கோச் மைதானத்துக்குள் நடந்தார். வலது பக்கம் பளபள மொட்டை. இடது பக்கம் தோளுக்குக் கீழே தொங்கும் பொன்முடி. காலரியில் எழுந்த சிரிப்பு மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி வரைக்கும் கேட்டிருக்கும். எதிர் டீமில் ஒருத்தன் உட்கார்ந்தே விட்டான். கோச் எதையும் சட்டை பண்ணாமல் அங்கும் இங்கும் நடந்து கத்திக்கொண்டிருந்தார். இடமிருந்து வலம் நடந்தால் ஒரு ஆள், திரும்பி நடந்தால் வேறு ஆள். எதிராளிகள் அவரைப் பார்ப்பார்களா, பந்தைப் பார்ப்பார்களா? பாதி ஆட்டத்தில் நாங்கள் எங்கேயோ முன்னால் போய்விட்டோம்.

அங்கே நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் ஊரே ஒரு மனுஷனைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறதே, நம்மால் வந்ததுதானே என்று மனசு கேட்கவில்லை. பாயிடம் ஒரு குரங்குக் குல்லாய் வாங்கிக்கொண்டு, மைதானத்துக்குள் இறங்கி, “குனிங்க தம்பி” என்று என் கையாலேயே காதுவரை இழுத்து மாட்டிவிட்டேன். பெரிய உதவி செய்த நிறைவோடு வந்து உட்கார்ந்தேன்.

சிரிப்பு நின்றது. எதிர் டீம் பந்தைப் பார்க்க ஆரம்பித்தது. தோற்றோம். சாதாரணத் தோல்வி இல்லை, கடைசி நிமிஷங்களில் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து கடையைத் திறக்கப் போய்விட்டார்.

வெளியே வந்தால் பாய் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். “பாதி மொட்டைக்குப் பாதி ஆட்டம். கணக்கு சரியாத்தான இருக்கு!” இல்லை, குல்லாய்தான் கெடுத்தது என்றது இன்னொரு கூட்டம். எப்படிப் பார்த்தாலும் கடைசியில் என் தலையில்தான் வந்து விடிந்தது, அதுவும் முடி இல்லாத தலையில். அடுத்த வாரமே ஊர் இளவட்டங்கள் பாதித் தலையைச் சிரைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் பூண்டு வாங்க வருகிற சாக்கில் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

கோச் மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பழனிக்குப் போய் மீதியையும் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு டப்பாப் பஞ்சாமிர்தம் வாங்கி வந்தார். “ஒரு சோலிய பாதியில விட்டா அவருக்கு ஒறக்கம் வராதாம் பெரியம்மா” என்றான் ஜோசப். அன்றைக்குத்தான் நான் கட்சி மாறினேன்.

என் முடி கழுத்து வரை வந்து அதோடு நின்றுவிட்டது. இன்று வரை எங்கள் வீட்டில் நான் சாமி படத்துக்கு முன்னால் கை கூப்பினால் போதும், மகன், மருமகள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் எல்லாரும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்கிறார்கள். “அத்தை, எதுன்னாலும் ஒங்க தலையோட நிறுத்திக்கங்க” என்கிறாள் மருமகள். போன பொங்கலுக்கு ஜோசப், சொந்த ஊருக்குத் திரும்பிவிட்ட கோச்சை வீடியோ காலில் கூப்பிட்டுப் போனை என்னிடம் கொடுத்தான். எனக்கு இங்கிலீஷில் என்ன தெரியும், மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டேன். அந்தப் பாவி மனுஷன் கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு, சடாரென்று இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.