மூலைச்சுவரில் ஒரு விழுதல் பயிற்சி

பாறையேற்றம் மனிதகுலத்துக்கு அளித்த பெருங்கொடை சிகரங்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. சிகரம் மழையிலும் வெயிலிலும் கரைந்துபோகும். பாறையேற்றத்தின் அழியாத சாதனை, அதைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களே. இந்த உண்மையை முதலில் கண்டுகொண்டவர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தின் மூத்த அதிகாரி. செயற்கைச் சுவர்களில் ஏறிப் பழகும் பாறையேற்றக் கூடத்தில் அவருக்குப் 'பேராசிரியர்' என்று பெயர்.

அலுவலகத்தில் அவர் வேலை நுட்பமானது. யாராவது கையை ஒடித்துக்கொண்டு வந்து நின்றால், விதிப்படி அது விபத்தே இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொல்வார். வீட்டில் ஓர் அலமாரி முழுக்கப் பாறையேற்ற நூல்கள். விரல் வலிமைக்கு ஒன்று, தோள்மூட்டைக் காக்க ஒன்று, மனத்தை அடக்கத் தலையணை கனத்தில் மூன்று. அத்தனையையும் கரைத்துக் குடித்துவிட்டார். ஏறியதுதான் இல்லை. 'அடித்தளக் கட்டத்தில் அவசரம் கூடாது' என்று முதல் அத்தியாயமே கண்டித்திருந்ததால், வருடக்கணக்கில் அவசரப்படாமல் இருந்தார். விரல் தசைநார்களின் நலன் கருதிக் காய்கறிப் பையைக்கூட மனைவியிடமே கொடுத்துவிடுவார்.

மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். கணவருக்குத் துணையாகக் கூடத்துக்கு வந்தவள், படிக்காத குறையால் நேராகச் சுவரில் ஏறிவிட்டாள். ஒவ்வொரு சுவராக வசப்பட்டது. மூலைச்சுவர் மட்டும் மசியவில்லை. அதன் உச்சியில் ஒரு சின்ன மணி தொங்கும், ஏறியவர் அடிக்கலாம். கடைசிப் பிடியை எட்டித் தாவிப் பிடிக்க வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் அவள் உடம்பு மரத்துப்போகும். இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சி இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல் காலணியைக் கழற்றுவாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

பேராசிரியர் இரவுச் சாப்பாட்டின்போது நோயைக் கண்டறிந்தார். கோளாறு கையில் இல்லை, மனத்தில். மருந்து, 'விழுதல் பயிற்சி'. உயரத்தில் வேண்டுமென்றே கையை விட வேண்டும், கயிறு தாங்கும், பயம் செத்துப்போகும். வழக்கமாகப் பயிற்சியாளர்ப் பெண்தான் கீழே கயிறு பிடிப்பாள். ஆனால் விழுபவரும் பிடிப்பவரும் மனம் ஒன்றியவர்களாக இருத்தல் நலம் என்று தலையணைகளில் ஒன்று கருதியதால், அந்தப் பொறுப்பை அவரே ஏற்றார். மேலே ஏறுபவரிடமிருந்து வந்து, தன் இடுப்பில் மாட்டிய இரும்புப் பிடி வழியாக ஓடும் கயிற்றின் கீழ்முனையை வலது கை விடக்கூடாது. வேலை அவ்வளவுதான். புத்தகங்களும் இதற்கு அரைப்பக்கமே ஒதுக்கியிருந்தன. அவர் அதைப் படிக்காமல் புரட்டிவிட்டுப் போயிருந்தார்.

"என்ன ஆனாலும் வலது கையை மட்டும் எடுத்துடாதீங்க சார்" என்றாள் பயிற்சியாளர். ஆரம்பப் பள்ளிப் பாடத்தைக் கேட்டவர்போல அவர் சிரித்தார்.

மனைவி மளமளவென்று ஏறி, மணிக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டாள்.

"பயமா இருக்குங்க."

"பயத்தோட சண்டை போடாதே. வந்த விருந்தாளியா நினைச்சுக்கோ."

விடுவதற்குப் படிநிலைகள் உண்டு. கண்ணை மூடு, மூச்சை இழு, தாடையைத் தளர்த்து என்று மனப்பாடமாகவே நடத்திக்கொண்டு போனார். அடுத்தது தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. கையோடு கொண்டுவந்திருந்த புத்தகம் அக்குளிலேயே இருந்தது. ஆனால் நல்ல கெட்டி அட்டை. ஒரு கையால் திறக்க வராது.

"பிடிச்சிருக்கீங்கல்ல?"

"நான் இருக்கேம்மா. விடு" என்றார், பக்கத்தைத் தேடியபடியே. சொன்னது பொய்யில்லை. அவர் இருக்கத்தான் இருந்தார்.

அவள் விட்டாள். கயிறு சர்ரென்று ஓடியது. பாய்ந்து அதைக் கெட்டியாகப் பிடித்த பயிற்சியாளரின் உள்ளங்கை உரிந்தது. மனைவி மெத்தையில் வந்து விழுந்தாள். கணுக்கால் மடங்கிப்போனது. பயிற்சியாளர் அருகில் இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும்.

பேராசிரியர் நிதானம் இழக்கவில்லை. நடந்தது விபத்து அல்ல, 'திட்டமிடாத இறக்கம்' என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கினார். காயத்தடுப்பு நூலில் ஐஸ் வைக்கும் பக்கத்தை அவர் கண்டுபிடிப்பதற்குள் யாரோ ஐஸ் வைத்துவிட்டிருந்தார்கள். பிறகு மனைவியிடம் குனிந்து, ஆய்வாளருக்குரிய ஆர்வத்தோடு, பயம் இப்போது போய்விட்டதா என்று கேட்டார்.

கால் சரியாக வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் அவர், கயிற்றுத் துணைவர்களிடையே நம்பிக்கையை வளர்ப்பது பற்றிப் புதிதாக ஒரு நூலை வாங்கி, அடிக்கோடிட்டு முடித்திருந்தார். மறுபடி கூடத்துக்கு வந்த அன்று முதல் ஆளாகக் கயிற்றை எடுத்தவரும் அவரே. மனைவி அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பயிற்சியாளரிடம் கொடுத்தாள். எல்லாரும் பார்த்தார்கள். அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

"நாலு பேர் முன்னாடி இப்படிப் பண்றியே" என்றார் தணிந்த குரலில். "என் மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் இடுப்பு முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"இருந்துச்சுங்க. இல்லேன்னா அவ்வளவு உயரத்துல கையை விட்டிருப்பேனா?"